ஐசக் பெனேசியின் ஓட்டைக் காலணி

1917ஆம் ஆண்டு பெல்ஜியத்தில் ஐசக் பெனேசியை நோக்கி வந்த பீரங்கிக் குண்டு, அவன் காலணியின் அடியில் ஓட்டை இருப்பதைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனது. கனடாவில் எங்கள் நிபிகன் ஏரிக்கரையில் இதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்படவில்லை. அனிஷினாபே பழங்குடிகளான எங்கள் வழக்கத்தில், பிறந்த குழந்தையின் மான்தோல் காலணியில் கத்தியால் ஒரு சின்ன ஓட்டை போடுவோம். சாவு வந்து கூப்பிட்டால், பிய்ந்த காலணியோடு அவ்வளவு தூரம் எப்படி வருவது என்று குழந்தை மறுத்துவிடலாம். ஊரில் ஓட்டுரிமை இல்லாத எங்கள் ஆட்கள் துப்பாக்கி தூக்கிக்கொண்டு கூட்டம் கூட்டமாக யுத்தத்துக்குப் போன சமயத்தில், ஐசக்கின் மனைவி ஆஞ்சலிக் குழந்தைக்குச் செய்வதைக் கணவனுக்குச் செய்து அனுப்பினாள். பெரியவர்களுக்கு அப்படிச் செய்யக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஆசை யாரை விட்டது?

ஐசக் அந்தக் காலணியோடு சத்தமில்லாமல் எதிரியின் முள்கம்பி வரை போய் வேவு பார்த்தான், பதக்கம் வாங்கினான், ஒரு கீறல்கூட இல்லாமல் யுத்தத்தை முடித்தான். சிக்கல் அதற்கப்புறம்தான். ஓட்டைக் காலணிக்குத் தூரம் என்றால் தூரம்தான். சாவுக்குப் போகிற பாதையா, வீட்டுக்குப் போகிற பாதையா என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. கப்பல் படியில் ஏறுவான், மறுகணம் துறைமுகத்திலேயே நிற்பான். கழற்றிப் பார்த்தான், காலோடு ஒட்டிப்போயிருந்தது. கடைசியில் ஒரு விவசாயியின் நிலத்தில் பதுங்குகுழிகளை மண் போட்டு மூடி, உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். சாவு அண்டாததால் வயதும் அண்டவில்லை. ஓட்டையை அடைக்க ஆஞ்சலிக் கையால் பதப்படுத்திய ஒரு துண்டுத் தோல் போதும் என்று, ஊர் திரும்பிய தோழனிடம் சொல்லியனுப்பினான்.

ஆஞ்சலிக் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் தோல் பதப்படுத்தி, ஒரு துண்டு வெட்டி, பெட்டியில் போட்டு மூடினாள். நெஞ்சு வெடித்துவிடும்போல ஏங்கினாள்; ஆனாலும் அனுப்பவில்லை. கொழுந்தன் மிஷேலுக்கு அவளைக் கிண்டல் செய்யாமல் சோறு இறங்காது.

"அண்ணி, பெட்டில இருக்குற துண்டையெல்லாம் சேத்துத் தச்சா ஒரு கூடாரமே போடலாம். அனுப்பித் தொலைங்களேன்."

"அடைச்சா வீட்டு வழி, சாவு வழி ரெண்டும் தொறந்துக்கும்டா. எதுல போவாரோ."

"இப்ப மட்டும் ரெண்டு பேரும் வாழுறீங்களாக்கும்."

அவள் பெட்டியை இழுத்துப் பூட்டினாள். இருபது வருஷம் போல ஓடி, தலை முழுக்க நரைத்த பிறகு ஒருநாள், துண்டைத் தபாலில் போட்டுவிட்டு வந்து குப்புறப் படுத்து அழுதாள்.

ஏரியில் காட்டரிசி அறுக்கப் படகில் இருவர் வேண்டும், ஒருவர் கழி ஊன்றித் தள்ள, ஒருவர் கதிரைத் தட்ட. அடுத்த அறுவடைக்கு மிஷேலும் ஆஞ்சலிக்கும் படகை இறக்கும்போது, முழங்கால் வரை கடலுப்புப் பூத்த கால்சட்டையோடு ஐசக் கரையில் நடந்து வந்தான். போனபோது இருந்த அதே இருபத்தாறு வயது. ஆஞ்சலிக் சால்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"கிழவியாயிட்டேன். பாக்காதீங்க."

"நாந்தான் லேட்டா வந்துட்டேன்," என்றான் ஐசக். தம்பி கையிலிருந்த கழியை வாங்கிக்கொண்டு படகில் ஏறினான்.

நகரத்துக் கடைக்காரர்கள் அவர்களைத் தாயும் மகனும் என்றே நினைத்தார்கள். ஊரில் யாரும் எதுவும் நினைக்கவில்லை. ஆஞ்சலிக் மட்டும் தினமும் காலையில் அவன் தலைமுடியைத் துழாவிப் பார்ப்பாள். மறு வருஷம் பனி உருகும்போது, காதோரம் ஒரு நரை தென்பட்டது. இனி அவனும் சாவான் என்று அவளுக்குப் புரிந்தது. அன்று ஊரையே கூப்பிட்டு மீன் விருந்து வைத்தாள்.