பின்பாதியைப் பார்த்தவர்கள்

நெம்புகோலில் கை வைத்தபடி நிற்கிறான் கேப்டன் டாரெக், முகம் பாதி வெளிச்சத்தில் பாதி இருட்டில், கண்ணாடிக்கு வெளியே பனி மூடிய கோள் ஒன்று மெல்லச் சுற்றுகிறது, அதில் எங்கோ அவன் தங்கை ஐலா நிற்கிறாள், அவன் சொல்லை மீறிக் கப்பலைவிட்டு இறங்கிப் போனவள், அவளுக்காகக் கப்பலைத் திருப்புவானா, விட்டுவிட்டுக் கிளம்புவானா என்று தெரியவேண்டிய இடம், என் பக்கத்தில் அக்கா சோபாவில் கால்களை மடித்து உட்கார்ந்து கண் கொட்டாமல் டிவியைப் பார்க்கிறாள், அப்பாவின் காரியம் முடிந்து வந்தவர்களெல்லாம் போய்விட்டார்கள், வீட்டில் இன்னும் சாம்பிராணி வாசம், அவள்தான் கேட்டாள், அப்பாவை எங்க வூட்டுக்குக் கூட்டிட்டு வந்த கதை எதுடி, அதைப் போடு, நானும் பார்க்கறேன் என்று, நெட்டில் தேடிப் போட்டுவிட்டேன், போட்டிருக்கக் கூடாதோ என்று இப்போது மனசு அடித்துக்கொள்கிறது.

கரையில்லாக் கப்பல் என்று தமிழில் பெயர் வைத்து ஞாயிறு காலைகளில் போட்டார்கள், எந்த நாட்டுத் தொடரோ, நான் பள்ளிக்கூடம் போகும்போது தொடங்கியது, வேலைக்குப் போன பிறகும் ஓடிக்கொண்டிருந்தது, அழிந்துபோன உலகத்தின் மிச்ச ஜனங்களை ஏற்றிக்கொண்டு டாரெக் இறங்க ஓர் இடம் தேடி அலைவான், ஒவ்வொரு வாரமும் ஒரு கோள், ஒவ்வொரு கோளிலும் ஒரு குறை, நம்மாளு வாடகைக்கு வூடு பார்க்கற மாதிரியேதான் பார்க்கறானுங்க, தண்ணி இருந்தா காத்து இல்ல, காத்து இருந்தா ஓனர் சரியில்ல என்று ஹனீபா பாய் சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வந்துவிடும், டாரெக்கைக் கிண்டல் செய்தால் அவருக்குப் பொறுக்காது. ஹனீபா பாயின் பேக்கரி போத்தனூர் ஸ்டேஷன் ரோட்டில் இருந்தது, தொடர் முடிந்ததும் அங்கேதான் கூடுவோம், அப்பா, நான், ஸ்டெல்லா டீச்சர், கல்லாவில் பாய், தேங்காய் பன்னும் டீயுமாகப் பேச்சு நடக்கும், கோயமுத்தூர் முழுக்கக் கரண்ட் விட்டுவிட்டு வந்த வருஷங்கள் அவை, ஒரு தெருவில் முன்பாதி ஓடினால் இன்னொரு தெருவில் பின்பாதிதான் ஓடும், யாருமே முழுக் கதையைப் பார்த்ததில்லை, அப்பாவுக்குத் துணைமின் நிலையத்தில் வேலை, எந்தத் தெருவுக்கு எப்போது போகும் எப்போது வரும் என்பது அவர் விரல் நுனியில், அதனால் சனிக்கிழமையே பங்கு பிரித்துவிடுவார், நாங்க முன்பாதி, டீச்சர் பின்பாதி, பாய் எதுக்கும் கவனமாப் பாருங்க என்று, பார்த்தவர் பார்க்காதவருக்குச் சொல்லவேண்டும், பார்த்ததை மட்டும் சொல்லவேண்டும், அது அப்பா போட்ட சட்டம், ஒருமுறை பாய் உற்சாகத்தில் இரண்டு வெடிகுண்டைக் கூட்டிச் சொல்லிவிட்டார் என்று ஒரு மாதம் அவரிடம் கதை கேட்கவில்லை, டீச்சர் மட்டும் பாடம் ஒப்பிப்பது போலச் சொல்வார், டாரெக் தண்ணீர் குடித்தால் தண்ணீர் குடித்தான் என்று, கூடுதலும் இல்லை குறைவும் இல்லை.

அக்கா அந்த வருஷங்களில் வீட்டில் இல்லை, லேத் பட்டறையில் வேலை செய்த பையனைக் கட்டிக்கொண்டு உடுமலைக்குப் போய்விட்டாள், அவன் நம்ம ஆளுங்க இல்லை, அவ்வளவுதான் அவன் செய்த குற்றம், அன்றையிலிருந்து அப்பா யார் கேட்டாலும் எனக்கு ஒரே புள்ளைதானுங்க என்று என்னைக் காட்டுவார், எனக்கு உடம்பெல்லாம் எரியும், அம்மாவும் இல்லாத வீட்டில் அவரோடு சண்டை போடக்கூட எனக்குத் துணை இல்லை, டிவி முன்னால் மட்டும்தான் நாங்கள் பேசிக்கொண்டோம், அதுவும் டாரெக்கைப் பற்றி. ஐலா இறங்கிப் போன வாரம் பேக்கரியில் பெரிய வாக்குவாதம், சொல்லை மீறி எறங்கினவளுக்காக அத்தனை ஜனத்தையும் வெச்சுட்டுக் கப்பலைத் திருப்பலாமுங்களா, தலைவன்னா திரும்பிப் பார்க்கப்படாதுங்க என்றார் அப்பா, டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அக்கா அவரிடம் படித்தவள், அப்ப அவ அங்கயே கெடந்து சாகட்டுமாங்க என்று கேட்டார், அப்பா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார், அந்த வாரம் முழுக்க அவர் சரியாகத் தூங்கவில்லை, எனக்குத் தெரியும், பக்கத்து அறையில் கட்டில் முனகிக்கொண்டே இருந்தது.

அடுத்த ஞாயிறு தொடரின் கடைசி வாரம், இதோ இந்தக் காட்சி, டாரெக்கின் கை நெம்புகோலில், நானும் அப்பாவும் தரையில் உட்கார்ந்திருக்கிறோம், கை நகரப்போகிறது, திரை அணைந்துவிட்டது, முறைப்படி கரண்ட் போக இன்னும் நேரம் இருக்கிறது, அப்பா துணைமின் நிலையத்துக்குப் போன் போட்டார், எந்தெந்த லைன்டா போச்சு, சரி, சரி, வெச்சிரு என்று கேட்டுக்கொண்டார், தொடர் முடியும் நேரம்வரை காத்திருந்து சட்டையை மாட்டினார், வா போலாம் என்றார், பேக்கரிக்குப் போகும் வழியெல்லாம் நான் அவர் பின்னால் ஓடவேண்டியிருந்தது, பாய் எங்களைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அப்பா அவர் பக்கம் திரும்பவே இல்லை, நேராக டீச்சரிடம் போனார், நின்றுகொண்டே கேட்டார், ஏனுங்க டீச்சர், திருப்புனானுங்களா. டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், திருப்பிட்டாருங்க என்றார், யாரையும் அனுப்பல, அவரே எறங்கிப் போனாரு, அவ இருந்த குடிசை வாசல்ல போயி நின்னாரு, ஒரு வார்த்தை பேசல, கையை மட்டும் நீட்டினாரு, அவ வந்து புடிச்சுக்கிட்டா, அவ்வளவுதானுங்க. பாய் திறந்த வாயை மூடிக்கொண்டு அடுப்புப் பக்கம் போய்விட்டார், அப்பா அப்போதுதான் உட்கார்ந்தார், ஒரு பேச்சும் பேசலீங்களா என்று இன்னொரு தரம் கேட்டார், இல்லீங்க, ஒண்ணும் பேசல என்றார் டீச்சர்.

மறுநாள் அப்பா லீவு போட்டுவிட்டு உடுமலை பஸ் ஏறிவிட்டார், அக்கா இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், கதவைத் தொறந்தா அப்பா நிக்கறாரு, பேச மாட்டேங்கறாரு, கையை நீட்டிட்டே நிக்கறாரு, எனக்கு ஒண்ணும் புரியல, தண்ணி கேக்கறாராட்டம் இருக்குதுன்னு ஒரு சொம்பைக் கையில குடுத்துட்டேன், வாங்கிக் குடிச்சுட்டு அழுதுட்டாருடி என்பாள், சிரிப்பின் முடிவில் அவளும் அழுதுவிடுவாள். அதன் பிறகு அப்பா மாதம் தவறாமல் போனார், மாப்பிள்ளையோடு ஒரே தட்டில் முறுக்கு தின்றார், அக்கா மகளுக்கு டாரெக் கப்பலைத் திருப்பிய கதையைச் சொல்லித் தூங்கவைத்தார், ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார், சட்டம் போட்ட மனுஷன்.

இப்போது கனவில் வருகிறார், துணைமின் நிலையத்தில் சுவிட்சின் மேல் கை வைத்தபடி நிற்கிறார், வெளியே போத்தனூர் பனி மூடிக் கிடக்கிறது, அப்பா என்று கூப்பிடுகிறேன், முகம் பாதிதான் தெரிகிறது, திரும்புகிறாரா இல்லையா என்று பார்ப்பதற்குள் விழித்துவிடுகிறேன். துக்கம் கேட்க வந்த டீச்சர் என்னைத் தனியாகச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார், வயதாகிவிட்டது அவருக்கு, கண்ணு, அன்னைக்கு எங்க தெருவுலயும் கரண்ட் இல்ல, நான் ஒண்ணுமே பார்க்கல, பாய் வூட்லதான் இருந்துச்சு, அவரு அப்பறமா சொன்னாரு, அந்தப் பாவி கப்பலைத் திருப்பவே இல்லையாம், உங்கப்பாவை ஏமாத்திட்டேனேன்னு இத்தனை வருஷமா உறுத்துது என்றார், அப்பா அன்றைக்குப் போட்ட போன் என் காதில் கேட்டது, எந்தெந்த லைன்டா போச்சு, சரி, சரி, அப்பாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும், டீச்சர் தெருவில் கரண்ட் இல்லை, பாய் வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தே பேக்கரிக்கு நடந்திருக்கிறார், பார்த்தவரை விட்டுவிட்டுப் பார்க்காதவரிடம் போய்க் கேட்டிருக்கிறார், நீங்க ஏமாத்தல டீச்சர் என்று மட்டும் சொன்னேன்.

டாரெக்கின் விரல்கள் நெம்புகோலை இறுக்குகின்றன, அக்கா என் தோளில் சாய்ந்திருக்கிறாள், அவள் மூச்சு வேகமாகிறது, இன்னும் ஒரு நொடி, நான் ரிமோட்டை எடுத்து அணைத்துவிட்டேன், கறுத்த கண்ணாடியில் நாங்கள் இருவரும் தெரிகிறோம், ஏன்டி நிறுத்தீட்ட, அவன் என்ன பண்றான்னு பார்க்க வேண்டாமா என்கிறாள் அக்கா. அப்பா இவ்வளவுதான்க்கா பார்த்தாரு, இங்கதான் கரண்ட் போச்சு.