ஆற்றுச் சேறும் பித்தளைச் சல்லடையும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். அன்று காலை அந்தச் சோதனை முடிவுகளைப் பார்த்தபோது கோபம்கூட வரவில்லை.

நான் ஆற்றுச் சேற்றைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். நகரத்தின் நடுவே ஓடும் ஆறு. கரையோரப் பட்டறைகள் காலங்காலமாகக் கழுவி ஊற்றியதெல்லாம் அதன் அடியில் போய்ப் படிந்துவிட்டது. ஈயம், காட்மியம், செம்பு, துத்தநாகம் என்று ஒன்று பாக்கியில்லை. தண்ணீர் ஓடிவிடும், சேறு எங்கே ஓடும்? படகு போனால் சேறு கலங்கும், கலங்கினால் விஷம் மேலே வரும், மீனுக்குள் போகும். அதனால் கரையில் வேலி போட்டு, என் அண்ணன் ஓட்டிவந்த பயணிகள் படகையும் நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகு கழிவுக் குழாய்களை அடைத்து, மோசமான சேற்றை வாரியெடுத்து, கரையெல்லாம் நாணல் நட்டாயிற்று. இப்போது எடுத்த மாதிரிகள் தேறினால் வேலி திறக்கும். தேறாவிட்டால் அண்ணன் படகை விற்றுவிட்டு வெளியூரில் லாரி ஓட்டப் போய்விடுவான். படகை வாங்க ஆள் பார்த்துப் பேசியும் வைத்துவிட்டான். அண்ணியும் பிள்ளைகளும் இங்கே, அவன் அங்கே.

ஈயம் ஓரிடம் தவிர எங்கும் குறைந்திருந்தது. காட்மியமும் குறைவு. ஆனால் செம்பும் துத்தநாகமும் மட்டும் பழையபடி, ஏன், முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தன.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றார் பக்கத்து மேசைக்காரர். மாதிரிகளைச் சலித்துத் தருவது அவர் வேலை. எதையும் அவசரமாகவே செய்வதால் அவருக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர்.

நான் முடிவுகளின் கடைசி வரியைப் பார்த்தேன். ஆறு தொடங்கும் காட்டில், ஊரோ பட்டறையோ இல்லாத இடத்தில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே எடுத்த சேறு அது. அதிலும் செம்பு, துத்தநாகம்! காட்டுக்குள் யாரய்யா போய்ப் பட்டறை வைத்தது?

"எக்ஸ்பிரஸ், இதையெல்லாம் எதுல சலிச்சீங்க?"

"சல்லடையிலதான்."

"என் பொறுமையைச் சோதிக்காதீங்க. எந்தச் சல்லடை?"

"நம்ம நைலான் சல்லடை கிழிஞ்சு போச்சுங்க. கீழ்மாடியில ரோட்டு ஜல்லி சோதிக்கிறாங்கல்ல, அவங்ககிட்ட ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். புத்தம் புதுசு. தங்கமாட்டம் பளபளன்னு…"

பாதியிலேயே அவர் குரல் இறங்கிவிட்டது.

"தங்கமா? பித்தளைங்க அது! செம்பும் துத்தநாகமும் சேர்ந்தாத்தான் பித்தளை! ஈரச் சேத்தைப் போட்டு அது மேல தேய் தேய்னு தேச்சிருக்கீங்க!"

நான் போட்ட கத்தலில் கீழ்மாடிக்காரர்கள் படியேறி வந்து எட்டிப் பார்த்தார்கள். மனிதர் "ஐயையோ" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காகத் திட்டாமல் இருக்க முடியுமா?

நேரே தலைமை ஆய்வாளரிடம் போனேன். டாக்டரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நடந்ததைச் சொன்னேன். "திரும்பச் சோதிக்கணும்மா. ஆனா நான் தொடமாட்டேன். நிறுத்தி வச்சிருக்கிற படகு என் அண்ணனோடது."

"அது தெரிஞ்சுதானே மாதிரி எடுக்க உங்களை அனுப்பல," என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "இந்தத் தடவையும் மோசமா வந்தா?"

"மோசம்னே எழுதுங்க. விஷத்தைக் கலக்கிக்கிட்டு அவன் படகு ஓட்ட வேண்டாம்."

வெளியே வந்ததும், மீதிச் சேறு இருக்கிறதா என்று எக்ஸ்பிரஸிடம் கேட்டேன்.

குளிர்பெட்டியில் மீதிச் சேறு இருந்தது. புது நைலான் சல்லடை வந்ததும் எக்ஸ்பிரஸ் அதைக் கழுவினார், மறுபடியும் கழுவினார், பிறகு ஆமை வேகத்தில் சலித்தார். இந்த நிதானம் முதலிலேயே எங்கே போயிருந்தது? நான் வேறு வேலை பார்ப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு, ஒரே குடுவையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் டாக்டரம்மாவே என் மேசைக்கு வந்தார். "செம்பு, துத்தநாகம் ரெண்டும் இறங்கிடுச்சு. ஆறு தேறிக்கிட்டு வருது. ஆனா பழைய படகுத்துறை வளைவுல மட்டும் ஈயம் இன்னும் அதிகம். அங்க வேலி இருக்கட்டும். துறையை மாத்தி, ஆத்துல பாலத்துக்கு மேல்பக்கம் படகு விடலாம்னு எழுதறேன்."

அவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அப்படியெல்லாம் யாரும் அவரிடம் செய்ததில்லை.

வேலை முடிந்ததும் அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். துறை மாறும் என்றதும் எகிறிக் குதித்தான்.

"பாலத்துக்கு மேலயா? எந்த அறிவாளி சொன்ன யோசனை? அங்க கரை செங்குத்துடி! வயசானவங்க எப்படி இறங்குவாங்க? பலகை போடணும், கைப்பிடி வைக்கணும், மழைக்கு முன்னாடி முடிக்கணும். உங்க ஆபீசுல ஒருத்தருக்காவது படகுன்னா என்னன்னு தெரியுமா?"

எனக்கும் சுர்ரென்று ஏறியது. இவனுக்காக நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தால், இவன் என்னையே பிடித்துத் திட்டுகிறானே! நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தேன்.

அண்ணி என் கையைப் பிடித்து அழுத்தினாள். கன்னமெல்லாம் கண்ணீர், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"திட்டட்டும் விடும்மா," என்றாள். "வேலி போட்ட நாள்லேருந்து இந்த மனுஷன் எதுக்குமே சத்தம் போடல."