மீன்திறன்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. கட்டட வேலைக்குப் போன இடத்தில் ஜல்லி என்று ஒட்டிக்கொண்டது. இருபத்தைந்து வருடமாக ஜல்லி சுமந்ததால் வந்த பெயர் என்று அவள் சொல்வாள். வாயைத் திறந்தால் கொட்டுவதும் அதுதான் என்று அவள் புருஷன் சொல்வான்.

அந்த வாயை மூடிக்கொண்டு அவள் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தது பேரிடர் அலுவலகம் நடத்திய பயிற்சி வகுப்பில்தான். கால்வாய்க் கரைக்குக் கீழே, பள்ளத்தில் கிடக்கிறது அவர்கள் தெரு. போன மழையில் கரை இருபது அடிக்குப் பிய்த்துக்கொண்டு போனது. அதற்கு நேர் எதிரே முதல் வீடு அவளுடையது. புருஷன் கம்பி கட்டுகிறவன். சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போய் நாலு வருடம். தண்ணீர் உள்ளே வந்ததும் அவனை இரும்பு பீரோ மேல் தூக்கிப் போட்டு, நெஞ்சளவுத் தண்ணீரில் ஒரு பகல் முழுக்க பீரோவைச் சுவரோடு முட்டுக்கொடுத்து நின்றாள். பீரோ சாய்ந்திருந்தால் அவ்வளவுதான். அவனோ மேலே படுத்துக்கொண்டு, "உன் புண்ணியத்துல வாழ்க்கையில உயர்ந்துட்டேன் ஜல்லி" என்று பேசிக்கொண்டிருந்தான்.

அந்த இருபது அடி இன்னும் திறந்துதான் கிடந்தது. அடுத்த மழைக்கு ஒரு மாதம்கூட இல்லை. அதைக் கேட்கத்தான் புருஷனைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து வகுப்புக்கே இழுத்து வந்திருந்தாள்.

அதிகாரி நல்ல மனிதர்தான், குறை சொல்ல முடியாது. தண்ணீர் பாட்டில் எல்லோருக்கும் கொடுத்தார். மீள்திறன் என்ற சொல்லை அவர் சொல்லும்போதெல்லாம் கம்பிக்காரன் மடியில் வைத்திருந்த கட்டுக்கம்பியில் ஒரு முறுக்கு முறுக்கினான். முடிவில் நாற்பத்திரண்டு முறுக்கு இருந்தது. மீள்திறன் என்றால் என்ன என்று யாரோ கேட்டதற்கு, விழுந்தாலும் உடனே எழுந்து நிற்பது என்று அதிகாரி விளக்கினார்.

"அது எனக்கு வராதுங்க ஐயா," என்றான் கம்பிக்காரன். "நான் வேணும்னா வெளியே இருக்கட்டுமா?"

கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டு, சிரிக்கலாமா என்று யோசித்தார். அந்த இடைவெளியில் ஜல்லி எழுந்து, கரையை எப்போது அடைப்பீர்கள் என்று கேட்டாள். கரை நீர்த்துறைக்குச் சொந்தமானது. நீர்த்துறை ஆய்வு முடியாமல் மண் போடாது. ஆய்வுக்குப் போட்ட குழுவுக்கு இன்னும் தலைவர் போடவில்லை. இதெல்லாம் அம்புக்குறி போட்டுத் திரையில் வந்தது. மணல் மூட்டை வெள்ளம் வந்த பிறகுதான் கொடுக்க முடியும், அதற்கு முன்னால் கொடுத்தால் தணிக்கையில் கேள்வி வரும். ஆனால் மீள்திறன் திட்டத்தில் தெருவுக்கு ஏதாவது உதவி கேட்டு விண்ணப்பிக்கலாம் என்றார். மழைக்கு நாலு அடித் தண்ணீர் தெருவில் தேங்கி நிற்கிறது, தக்க உதவி தேவை என்று ஜல்லி சொல்லச் சொல்ல அவரே எழுதி, தட்டச்சுக்கு அனுப்பினார்.

அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறவருக்கு முப்பது வருட அனுபவம். அத்தனை வருடத்தில் மீள்திறன் என்ற சொல்லை அவர் கண்டதில்லை. படித்த அதிகாரிகள் எழுத்துப்பிழை விடுவதை நிறையக் கண்டிருக்கிறார். எனவே பெரிய மனது பண்ணி, ளகரத்தை அடித்து னகரமாக்கி, மீன்திறன் என்று திருத்தினார். விண்ணப்பம் நேராக மீன்வளத்துறைக்குப் போனது. அரசாங்கத்தில் ஒரு காகிதம் அவ்வளவு வேகமாகப் போனதை அதற்கு முன்னும் பின்னும் யாரும் கண்டதில்லை.

பன்னிரண்டாம் நாள் தெருவில் லாரி வந்து நின்றது. மீன்வளத்துறை ஆய்வாளர் இறங்கி, இருநூறு வலை, கையெழுத்துப் போடுங்கள் என்றார். கெட்டியான நைலான் வலைகள்.

ஜல்லி கட்டுகளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். மண் கேட்ட இடத்துக்கு வலை வந்திருக்கிறது என்று சொல்லிப் பார்த்தாள். ஆய்வாளர், மீன்திறன் என்று தலைப்பிட்ட விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார்.

"தெருவுல நாலடித் தண்ணி நிக்குதுன்னு நீங்கதானேம்மா எழுதியிருக்கீங்க? மீன் வளர்க்க அதுக்கு மேல என்ன வேணும்?"

"நின்ன தண்ணியில நாங்களும்தான் இருந்தோம், ஐயா."

"அது வேற துறை," என்றார் ஆய்வாளர்.

அவள் கையெழுத்துப் போட்டாள். போடாமல் திருப்பி அனுப்பினால் அடுத்து கோழிக்கூண்டு வரும் என்று கம்பிக்காரன் சொன்னான்.

அன்று அவள் அடுப்பைப் பற்றவைக்காமலே உட்கார்ந்திருந்தாள். மழைக்குப் பதினான்கு நாள் என்று வானொலி சொன்னது. பீரோவைப் பார்த்தாள். அடியில் துரு தின்று இரண்டு கால்கள் நொறுங்கிக் கிடந்தன. இன்னொரு வெள்ளத்துக்கு அது தாங்காது. கம்பிக்காரன் மட்டும் ஒரு வலையை மடியில் போட்டுக்கொண்டு முடிச்சுகளை விரலால் தடவிக்கொண்டிருந்தான். வாழ்நாள் முழுக்க கம்பிக்குக் கம்பி முடிச்சுப் போட்ட விரல்.

"முடிச்சு நல்லா இருக்கு," என்றான். "கல்லு தாங்கும்."

"யாருக்கு வேணும் உன் முடிச்சு?"

"ஒண்ணுக்குள்ள ஒண்ணா ரெண்டு வலை போட்டா செங்கல் வெளிய வராது. நீ இப்ப எங்க வேலை செய்யறே?"

அவள் பழைய பள்ளிக்கூடம் ஒன்றை இடிக்கும் வேலையில் இருந்தாள். இடித்ததைக் கொட்ட இடமில்லாமல் காண்டிராக்டர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். ஜல்லி நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் வந்ததைப் பார்த்துவிட்டு, இனி தன்னைத் தூங்கவிட மாட்டாள் என்று அவன் பெருமூச்சு விட்டான்.

காண்டிராக்டர் இவர்களுக்கு உதவி செய்கிறோம் என்று தெரியாமலே உதவி செய்தான். கொட்ட இடம் இருக்கிறது என்று ஜல்லி காட்டியதும் பன்னிரண்டு லாரி இடிபாடு கரையோரம் வந்து விழுந்தது. உடைப்பில் வலையை விரித்து, இருந்த இடத்திலேயே கல்லும் செங்கலும் நிரப்பினார்கள். தெருவில் கை உள்ளவர்கள் எல்லாம் கூடை தூக்கினார்கள். மீன்திறன், மீன்திறன் என்று கூடைக்கொரு தரம் சொல்லிச் சிரித்தார்கள். நான்கு பேர் மட்டும் எங்களுக்கு முதுகுவலி என்றார்கள். போன வெள்ளத்தில் கூரை மேல் ஏறும்போது அந்த முதுகு வலிக்கவில்லையே என்று ஜல்லி கேட்டதும் வலி நின்றது. தள்ளுவண்டியைக் கரையில் ஆப்பு வைத்து நிறுத்தி, ஒவ்வொரு மூட்டையின் வாயையும் கம்பிக்காரன் கட்டுக்கம்பி போட்டு, தன் கொக்கியால் முறுக்கிக் கட்டினான். நூறு மூட்டை, ஒன்றோடொன்று பின்னல். தண்ணீர்ப் பக்கம் களிமண்ணைக் குழைத்து மிதித்து ஒரு முழக் கனத்துக்குப் பூசினார்கள். பதின்மூன்றாம் நாள் ஜல்லியின் உள்ளங்கையில் தோல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

வானொலி சொன்ன நாளைவிட ஒரு நாள் தள்ளி மழை வந்தது. கால்வாயில் தண்ணீர் ஏறியது. மூன்றாம் நாள் கரை விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். போகாதவரை அந்த ஒரு சாண்தான் எல்லாம். ஜல்லி கரையிலேயே கிடந்தாள். கசிந்த இடத்திலெல்லாம் களிமண் வைத்து மிதித்தாள். உடைப்பில் கட்டிய அடைப்பு அசையவில்லை.

நான்காம் நாள் காலை மழை விட்டதும் இரண்டு ஜீப் வந்தன. ஒன்றில் பேரிடர் அதிகாரி, புகைப்படக்காரரோடு. வேறு தெருக்கள் முங்கி இது ஒன்று மட்டும் காய்ந்திருப்பதைக் கேள்விப்பட்டு, தன் வகுப்பின் வெற்றியைப் படமெடுக்க வந்திருந்தார். மற்றதில் மீன் ஆய்வாளர், பதிவேட்டோடு. வலையின் பயன்பாட்டை மாதம் ஒருமுறை எழுத வேண்டும்.

ஆய்வாளர் கரையைப் பார்த்துத் திகைத்து நின்றார். அரசு வலைக்குள் செங்கல். இது முறைகேடு, இருநூறு வலையையும் பிரித்துச் சுத்தம் செய்து பதினைந்து நாளில் ஒப்படைக்க வேண்டும் என்றார். அது எப்படி முடியும், இது முன்மாதிரித் தெரு, அடுத்த வாரம் மேலிடத்திலிருந்து பார்க்க வருகிறார்கள் என்றார் பேரிடர் அதிகாரி. கரை யாருடையது என்று இவர் கேட்க, வலை யாருடையது என்று அவர் கேட்க, இருவரும் நீர்த்துறையைத் திட்டுவதில் மட்டும் ஒன்றுசேர்ந்தார்கள். நடுவில் புகைப்படக்காரர், எல்லோரும் எழுந்து நின்றால் படம் நன்றாக வரும் என்று கம்பிக்காரனைப் பார்த்துச் சொன்னார்.

ஜல்லி களிமண் கூடையைக் கீழே வைத்தாள்.

"வலைதானே, எடுத்துக்கோங்க ஐயா. இதால அந்தக் கம்பி முறுக்கைப் பிரிச்சாப் போதும், மொத்தமா கையோட வந்துரும்." புருஷனின் கொக்கியை வாங்கி ஆய்வாளரிடம் நீட்டினாள். "அதுக்கு முன்னால ஒரு தடவை திரும்பி, உங்க வண்டி எங்க நிக்குதுன்னு பாத்துக்கோங்க."

இருவரும் திரும்பினார்கள். கரைக்குக் கீழே, பள்ளத்தில், உடைப்புக்கு நேர் எதிரே இரண்டு ஜீப்பும் நின்றன. இந்தப் பக்கம் ததும்பிக்கொண்டிருந்த தண்ணீர் ஜீப்பின் கூரையைவிட உயரத்தில் இருந்தது. உள்ளே இரண்டு ஓட்டுநர்களும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆய்வாளர் கொக்கியை வாங்கவில்லை. பதிவேட்டைத் திறந்து, வலைகள் தண்ணீரில் பயன்பாட்டில் உள்ளன என்று எழுதினார். அதில் பொய் ஒன்றும் இல்லை. அடுத்த கட்டத்துக்கு வந்ததும், பழக்க தோஷத்தில், தலை நிமிராமலே கேட்டார்:

"சிக்கினது எத்தனை?"

"இன்னைக்கு ரெண்டு, ஐயா," என்றான் கம்பிக்காரன்.

ஆய்வாளர் இரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜல்லி கூடையைத் தூக்கிக்கொண்டு கசிவைப் பார்க்கப் போனாள்.