சேர்ந்ததும் ஒரு போட்டோ

பெண்டாட்டியை மதிக்கக் கற்றுக்கொடுக்கும் மூன்று நாள் ஆண்கள் பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து என் வீட்டுக்காரர் வேலப்பனின் தொல்லை தாங்கவில்லை. நல்ல தொல்லைதான், இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். பூண்டு விற்ற காசைக் குடித்தே தீர்த்த மனுஷன், என் பெயரில் தபால் ஆபீசில் சேமிப்புக் கணக்குத் தொடங்கினார். எங்கள் கூக்கால் ஊரில் வேறு எந்த ஆம்பிளை இப்படிச் செய்தான்? ஆனால் நான் தனியாக எங்கே போனாலும் போட்டோ அனுப்ப வேண்டும். இன்ன ஊருக்கு, மனைவியின் சொந்த முடிவில் பயணம் என்று எழுதி, பயிற்சிக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவார். உடனே ஊர்பேர் தெரியாதவர்களெல்லாம் கைதட்டுவார்கள்.

எனக்கோ ஓர் இடத்துக்குச் சத்தமில்லாமல் போகவேண்டியிருந்தது. தங்கை கண்மணியின் கையை அவள் புருஷன் மனோஜ்குமார் முறித்தபோது, அவளைக் கன்னிவாடியில் ஒரு வாடகை அறையில் ஒளித்துவைத்தேன். திரும்ப அவன் கையில் சிக்கினால் உயிரோடு விடமாட்டான். இடம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"கன்னிவாடி வரைக்கும் போய்ட்டு நாளைக்கு வந்துர்றேங்க" என்றேன்.

"என்ன சோலின்னு கேக்க மாட்டேன் முருகேசு. கேக்கக் கூடாதுன்னு பயிற்சியில சொல்லிருக்காங்க. போய்ச் சேர்ந்ததும் ஒரு போட்டோ மட்டும் அனுப்பிரு."

பாவி மனுஷன், அன்றைக்காவது கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன்.

அறைக்குப் பக்கத்து மாவு மில் வாசலில் நின்று, கண்மணி படத்தில் வராதபடி எடுத்து அனுப்பினேன். மில்லின் பெயர்ப்பலகை அதில் விழுந்ததை நான் கவனிக்கவில்லை. எனக்கெல்லாம் போன் ஒரு கேடு.

மறுநாள் வெள்ளனே கதவு தட்டப்பட்டது. பால்காரராக இருக்கும் என்று கண்மணி எழுந்தாள்.

"மதினி, நான் மனோஜு. எங்க ஊருலயும் அந்தப் பயிற்சி நடந்துச்சு. நானும் அந்த குரூப்புலதான் இருக்கேன். உங்க போட்டோவுல மில்லு பேரப் பாத்து, விசாரிச்சு வந்தேன்."

கண்மணி என் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கண்மணி உள்ளதான இருக்கா? பயப்பட வேணாம்னு சொல்லுங்க. பொண்டாட்டிய வற்புறுத்தக் கூடாதுன்னு கத்துக்குடுத்திருக்காங்க. அவளா வெளிய வர்ற வரைக்கும் நான் இங்கனயே உக்காந்திருக்கேன்."

கதவிடுக்கில் பார்த்தேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, படியில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தான். அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது.