அக்கா தும்மினால் அத்தான் சட்டையை மாட்டுவார்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் மூளையில் முளைத்தது இல்லை. அக்கா கொடுத்தது. பாத்திரம் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "எழுதுறதுன்னா எழுதிக்கோ. ஆனா எங்க ரெண்டு பேரையும் ரொம்ப நல்லவங்களாக்கிடாத, படிக்கச் சகிக்காது" என்றாள்.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், பிரியத் தீர்மானித்த அந்தத் தம்பதி (மழையெல்லாம் இல்லை. மண்டையைப் பிளக்கும் வெயில்.)

மனித மனம் ஓர் ஆழ்கடல் என்று (போதும்.)

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

2

அக்கா கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். கோபக்காரர் இல்லை, குடிப்பழக்கம் இல்லை. ஒரே ஒரு குறை: அக்காவுக்கு உடம்பு முடியவில்லை என்றால் வீட்டில் தங்க மாட்டார். காய்ச்சல் என்றால் கடைத்தெருவில் வேலை வந்துவிடும். தலைவலி என்றால் எங்கோ ஒரு லிஃப்ட் கட்டாயம் நின்றுபோயிருக்கும்.

பித்தப்பையில் கல் எடுத்த அன்று, மயக்கம் தெளிந்து அக்கா கண் திறந்தபோது பக்கத்தில் அவர் இல்லை. "ஏதோ அவசர வேலைன்னு போனாரும்மா" என்றார் நர்ஸ். அத்தானுடைய அலுவலகத்தில் விசாரித்தால், அன்று அவர் விடுப்பு.

தையல் பிரித்த கையோடு அக்கா சொல்லிவிட்டாள்: "இனிமே சேர்ந்து இருக்க முடியாது."

அத்தான் மறுக்கவில்லை. "யார்கிட்டயாவது போய்ப் பேசிப் பாத்துட்டுப் பிரியலாமா?" என்று மட்டும் கேட்டார்.

3

இங்கேதான் மேடம் வருகிறார். உளப்பகுப்பாய்வு முறையில், அதாவது பேசவிட்டு மனசின் அடியில் கிடப்பதை வெளியே எடுக்கும் முறையில், தம்பதிகளுக்கும் குடும்பங்களுக்கும் சிகிச்சை தருபவர். என் முதல் வரைவில் அவருக்கு வெள்ளி நரை, கனிந்த குரல், எல்லாம் அறிந்த புன்னகை எல்லாம் வைத்திருந்தேன். அக்கா படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அவங்களுக்கு எப்பவும் மூக்கடைப்புடா. பாதி நேரம் 'தெரியலையே'ன்னுதான் சொல்வாங்க."

அந்தத் 'தெரியலையே'வில்தான் எனக்கு அவர்மேல் மரியாதை பிறந்தது. நானாக இருந்தால் முதல் நாளே அத்தானுக்குப் புத்தி சொல்லி அனுப்பியிருப்பேன். [நீங்களும்தான்.] அவரோ யார் பக்கம் நியாயம் என்று பார்க்கவே இல்லை. இருவரும் சேர்ந்து, தங்களுக்கே தெரியாமல், எதைக் கட்டிக் காக்கிறார்கள் என்பது வெளியே வரும்வரை காத்திருந்தார். மாதக்கணக்கில்.

4

ஒரு நாள் மகளையும் அழைத்து வரச் சொன்னார். கல்லூரிக்குப் போகிறவள், வாய்த்துடுக்கு. பேச்சின் நடுவே அக்காவுக்கு இருமல் வந்தது. அத்தான் நாற்காலியில் நெளிந்தார். மகள் குனிந்து அவருடைய பையை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"ஏம்மா பைய எடுத்துக் கொடுத்த?"

"பழக்கம் மேடம். அம்மா தும்முனா அப்பாவுக்குச் சட்டைய எடுத்துக் கொடுக்கிறது சின்ன வயசுலேர்ந்து என் வேலை."

முதலில் சிரித்தது அத்தான்தான். சிரித்துக்கொண்டே பையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

மேடம் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் இப்போ எழுந்து வெளியே போயிடணும் போல இருக்கு. எனக்கு ஒரு அவசரமும் இல்ல. இந்தத் தவிப்பு என்னோடதுதானான்னு தெரியலையே. இங்க யாருமே போகலன்னா என்ன ஆயிடும்னு பயப்படுறோம்?"

(இந்த இடத்தைத் திரும்பத் திரும்ப அடித்து எழுதினேன். தன் மனசில் எழுந்த தவிப்பையே எதிரில் இருப்பவர்களைப் பற்றிய தடயமாக எடுத்துக்கொள்ள ஒரு துணிச்சல் வேண்டும். அது தப்பாகவும் இருக்கலாம் என்று ஒத்துக்கொள்ள அதைவிடப் பெரிய...)

"அம்மா செத்துடுவாங்க" என்றார் அத்தான்.

"யாரோட அம்மா?" மகள் பயந்துவிட்டாள்.

5

அவருடைய அம்மா. அத்தான் சிறு பிள்ளையாக இருந்தபோது அந்த அம்மாவுக்குக் கடும் காய்ச்சல். பெரியம்மா வந்து, "நீ இங்க இருந்தா அம்மா தேற மாட்டா, வா" என்று கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது அம்மா எழுந்து உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், யாரும் சாகவில்லை. தான் வெளியே போனதுதான் மருந்து என்று பிள்ளை முடிவு கட்டிவிட்டது.

"ஆபரேஷன் அன்னிக்கு எங்க போனீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"எங்கயும் போகல. ஆஸ்பத்திரியையே சுத்திச் சுத்தி நடந்தேன். உள்ள வந்தா உனக்கு ஏதாவது ஆயிடும்னு."

அக்கா அழுதாள் என்று எழுதியிருந்தேன். இல்லையாம், கோபம்தான் வந்ததாம். "இத்தன வருஷமா இத ஏன் சொல்லல?"

"எனக்கே இப்பத்தானே தெரியுது."

மேடம் அக்கா பக்கம் திரும்பினார். "விட்டுட்டுப் போறவர நீங்க எப்படித் தேடிப் பிடிச்சீங்க?"

அந்தக் கேள்வி அக்காவை வெகுநாள் அரித்தது. பதில் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் யாராவது இருமினால் அப்பா கட்டிலைச் சுற்றி உறவையெல்லாம் கூட்டிவிடுவார். ஒரே அழுகை, நெற்றியில் ஆளாளுக்குக் கை. அக்காவுக்கு மூச்சு முட்டும். கல்யாணமான புதிதில் என்னிடம் பெருமையாகச் சொன்னாள்: "இவர் என்னை நிம்மதியா விட்டுடுறார்டா."

6

முடிவுக்கு வருகிறேன்.

அ. அத்தான் அடியோடு மாறி, வெந்நீரும் கையுமாகக் கட்டிலருகே (அக்கா நம்ப மாட்டாள்.)

ஆ. நல்ல நண்பர்களாகப் பிரிகிறார்கள். (மகள் என்னோடு பேச மாட்டாள்.)

நடந்தது இது. போன வாரம் அக்காவுக்குக் காய்ச்சல். அத்தான் வாசல்வரை போய் நின்றார். "போகாம இருக்கப் பயமா இருக்கு" என்றார். அக்காவுக்கோ, போய்த் தொலைந்தால் தேவலை என்றும் இருந்தது, போகக் கூடாது என்றும் இருந்தது.

"கதவத் திறந்தே வச்சிட்டு வந்து உக்காருங்க. பேசக் கூடாது, தொடக் கூடாது" என்றாள்.

உட்கார்ந்தார். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்ததாம்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் எனக்கென்னடா தெரியும்? நான் தூங்கிட்டேன்."

உடம்பு முடியாதபோது பக்கத்தில் ஓர் ஆள் இருக்க அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. மீதியை அத்தானிடம் கேட்டால் தெரிந்துவிடும். கேட்கப் போவதில்லை. அவள் விழிக்கும்போது அவர் அங்கே இருக்கிறாரா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சத்தம் போடாமல் எழுதுங்கள், அக்கா தூங்குகிறாள்.