பதினொன்றும் பதினான்கும்

அக்கா மகனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் எங்கள் வீட்டில் ஆளாளுக்கு மருத்துவராகிவிட்டார்கள். அதில் தலைமை மருத்துவர் அக்கா வீட்டுக்காரர். ரிப்போர்ட்டில் 'குரோமோசோம் பிறழ்வு' என்று இருந்ததைப் படித்துவிட்டு, எங்கள் பக்கம் யாருக்கும் இப்படி இல்லையே என்று இழுத்திருக்கிறார். அந்த இழுவை போதாதா? முழுகாமல் இருந்த அக்கா, இரண்டாவது குழந்தையைக் கலைத்துவிட மறுநாளைக்கு நேரம் வாங்கிவிட்டாள். எனக்குக் கடைசியாகத்தான் சொன்னாள். குரோமோசோம் பார்ப்பதுதான் என் பிழைப்பு என்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளைக் கையோடு ஆய்வுக்கூடத்துக்கு இழுத்துப் போனேன். சொந்தக்காரர்களின் சாம்பிளை நாங்கள் தொடக்கூடாது. பையனுடையதைப் பார்த்தவள் என் பக்கத்து மேசைக்காரி. அவள் மைக்ரோஸ்கோப்பில் அவன் ஸ்லைடை வைத்துக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனாள்.

நான் பாடம் நடத்தினேன். வெள்ளணுக்கள் புதுப்புதுக் கிருமிகளை அடையாளம் காண, தங்கள் மரபணுவைத் தாங்களே வெட்டி, துண்டுகளை மாற்றி ஒட்டிக்கொள்ளும். எல்லோர் உடம்பிலும் அன்றாடம் நடக்கிற வேலை. பதினான்காம் குரோமோசோமில் வெட்டியதைப் பதினான்கிலேயே ஒட்ட வேண்டும். இவனுடைய ஏதோ ஒரு அணுவில் அது தடுமாறிப் பதினொன்றோடு ஒட்டிக்கொண்டது. அங்கே அடங்கிக் கிடந்த ஒரு மரபணு தலைதூக்கியது. அந்த ஒரு அணு பெருகியதுதான் இந்த நோய்.

அக்கா தலையாட்டிக்கொண்டே இருந்தாள். ஒன்றும் உள்ளே போகவில்லை என்று தெரிந்தது.

"படத்தை நான் பார்த்தேன்டி. உடம்பு முழுக்க அப்படித்தானே இருக்கு அவனுக்கு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கெட்ட அணுவின் படத்தை மட்டும் ரிப்போர்ட்டில் போடுவோம். நல்ல அணுக்களுக்கு வெறும் எண்ணிக்கைதான், அதுவும் மூலையில். டாக்டருக்கு அது போதும். பெற்றவளுக்கு எப்படிப் போதும்?

ஸ்லைடை நகர்த்தி, கொஞ்சம் தள்ளி இருந்த இன்னொரு அணுவைத் திரையில் கொண்டுவந்தேன். பதினொன்றும் பதினான்கும் சோடி சோடியாக முழுசாக இருந்தன.

"இது யாரோடது?"

"இதுவும் அவனோடதுதான். உன்கிட்டேருந்தோ மாமாகிட்டேருந்தோ வந்திருந்தா இதுலயும் உடைஞ்சிருக்கும்."

அக்கா திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"அப்ப யார் மேல தப்பு?"

யார் மேலும் இல்லை என்றேன். நிம்மதிப் பெருமூச்சு விடுவாள் என்று நினைத்தேன். அவளோ அப்படியே உட்கார்ந்து, மருத்துவமனையில் கூட அழாத அழுகை அழுதாள்.

"என் தப்பா இருந்தா, இதைக் கலைச்சாவது ஏதோ செஞ்சேன்னு இருந்திருக்கும். இப்ப நான் என்னடி செய்ய?"

அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, வயிற்றில் இருப்பதற்கு இது வராது என்று எழுதித் தருவாயா என்று கேட்டாள். பொய் வாய் வரை வந்தது.

"எந்தப் பிள்ளைக்கும் யாராலயும் அப்படி எழுதித் தர முடியாதுக்கா."

"எனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் அப்படித்தானா?"

"எல்லாருக்கும்தான்."

அவள் கணவருக்குப் போன் போட்டாள். நாளைக்கு நான் வரவில்லை என்று மட்டும் சொன்னாள். அவர் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும்.

"நம்ம பிள்ளைக்கு நல்ல அணுவும் இருக்காம். நான் பார்த்தேன்."