தாழ் திறக்கத் தெரிந்த நாய்

அந்த நாய்மேல் எனக்குச் சந்தேகம் சும்மா வந்ததில்லை. ஏப்ரலில் ஒரு ஞாயிறு, நாங்கள் கோயில் பூசைக்குப் போயிருந்த ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குள் திருடன் புகுந்துவிட்டான். டிவி போனது, என் கணவர் நிபால்தோவின் துளை போடும் மெஷின் போனது. அதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஏழு வயது மகள் பலோமாவின் தூக்கமும் சேர்ந்து போய்விட்டது. நான்கு மாதமாக எங்கள் இருவருக்கும் நடுவில் படுத்துக்கொண்டு, எலி ஓடினால்கூட என் கையைக் கிள்ளி எழுப்பினாள்.

எங்கள் ஊரில் ஆகஸ்ட் என்றால் குளிர்காலம். அந்தக் குளிரில் ஒரு வெள்ளிக்கிழமை நிபால்தோ நாயோடு வந்து நின்றார். காப்பகத்து நாய். ஓசோ, அதாவது கரடி என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயரில் பொய் இல்லை. அது நின்றால் சாப்பாட்டு மேஜைக்கு மேலே தலை தெரியும். உடம்பெல்லாம் கறுப்பு, முன்னங்கால் ஒன்று மட்டும் வெள்ளை. கோடையில் மேல் குன்று எரிந்தபோது சாம்பலுக்குள் அலைந்ததைப் பிடித்தார்களாம். பதினைந்து நாள் வைத்துப் பாருங்கள், ஒத்துவராவிட்டால் திருப்பித் தாருங்கள் என்றாளாம் காப்பகத்துப் பெண். நான் அன்றே நாட்காட்டியில் பதினைந்தாம் நாளுக்கு வட்டம் போட்டுவிட்டேன்.

பலோமா முதல் நாளே தன் கட்டிலுக்குப் போய், அதன் காதைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாள். எனக்கு அழுகை வந்தது உண்மைதான். ஆனால் குரைக்காத நாயை எப்படி நம்புவது? தபால்காரர் வந்தாலும் வாயைத் திறக்காது. நான் வெங்காயம் அரிந்தால் சமையலறை வாசலில் உட்கார்ந்து, கண் கொட்டாமல் என்னையே பார்க்கும்.

ஏழாம் நாள் வியாழக்கிழமை. கீழ்த்தெருவில் சிலிண்டர் வண்டி வரும் சத்தம், இரும்புக் கம்பியால் சிலிண்டரைத் தட்டும் ‘டங் டங்’, கேட்டது. ஓசோ எழுந்து நேராக கேட்டுக்குப் போனது. மூக்கால் தாழைத் தூக்கியது. கேட்டைத் தள்ளித் திறந்து, முதுகால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, யாரோ உள்ளே வருவதற்காகக் காத்திருப்பதுபோல் நின்றது.

ஓடிப்போய்க் கழுத்துப்பட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். வண்டி தாண்டிப் போனது.

“தாழ் தெறக்க யாரோ பழக்கிவிட்ருக்காங்க,” என்றேன் சாயங்காலம். “அந்த டங் டங் சத்தத்துல கேட் தெறக்குறது யாருக்குக் கேக்கும்? இது திருடன் வளத்த நாய்.”

நிபால்தோ ரொட்டியில் அவகேடோவைத் தடவிக்கொண்டே சிரித்தார். “சம்பளம் எலும்பாக் குடுப்பானோ?”

“சிரிங்க. பாம்புக்குப் பால் வாத்துட்டு இருக்கோம்.”

“எதெல்மிரா, புள்ள தூங்குறாடி. அதப் பாரு மொதல்ல.”

பார்த்தேன். பார்த்துக்கொண்டே நாட்காட்டியையும் பார்த்தேன்.

பதினான்காம் நாள், பயறு பாதி வெந்திருக்கும்போது அடுப்பு அணைந்துவிட்டது. அதுவும் வியாழன்தான். டங் டங் கேட்டதும் ஓசோவைத் துணி துவைக்கும் அறையில் தள்ளிப் பூட்டிவிட்டு வாசலுக்குப் போய்க் கையைக் காட்டினேன்.

சிலிண்டர்காரர் எங்கள் தெருப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர், பெயர் எவரிஸ்தோ. அறுபது வயதிருக்கும். இரண்டு கையும் வெந்து ஆறி, தோல் சுருங்கியிருந்தது. சிலிண்டரைத் தோளில் ஏற்றி இரு கையாலும் பிடித்துக்கொண்டு மூடிய கேட்டின் முன்னால் வந்தவர், திறக்கச் சொல்லாமல் அப்படியே நின்றார். பிறகு தானே சிரித்தார்.

“பழக்கதோஷம்மா. எங்கிட்ட ஒரு நாய் இருந்துச்சு. எனக்கு ரெண்டு கையும் ஒழியாதுல்ல, அவன்தான் மூக்கால தாழத் தூக்கி, முதுகால கேட்டப் புடிச்சிட்டு நிப்பான்.”

கேட்டைத் திறந்துவிட்டேன். சமையலறைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் கேட்டேன். “அது இப்ப எங்கண்ணே?”

“தீயில வீடு போச்சு. நான் ஆஸ்பத்திரில கெடந்தேன். வந்து பாத்தா, நாயெல்லாம் எங்கெங்கயோ காப்பகத்துக்குப் பிரிச்சு அனுப்பிட்டாங்கன்னாங்க. இன்னும் தேடிட்டுத்தாம்மா இருக்கேன்.”

துவைக்கும் அறைக் கதவு பிறாண்டப்பட்டது. கூடவே முனகல்.

“வாஷிங் மெஷின்ணே,” என்றேன். அவர் எதுவும் கேட்கவேயில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான்.

அடுப்புக் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்த அவர் கை நின்றது. குளிர்பெட்டிக் கதவில் பலோமா ஒட்டிய படம் அவர் கண்ணெதிரே இருந்தது. கட்டிலில் ஒரு பெண், கீழே ஒற்றைக் கால் மட்டும் வெள்ளையான கறுப்பு நாய். ‘ஓசோ இருக்கிறான். நான் தூங்குகிறேன்’ என்று கோணல் எழுத்தில் எழுதியிருந்தாள்.

“பாப்பா வரஞ்சதா?”

“ஆமா. திருடன் வந்ததுலேர்ந்து தூங்காமக் கெடந்தா.”

“இப்போ?”

“இப்போ தூங்குறா.”

அவர் குனிந்து குழாயை மாட்டினார். சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தார். ஒரு குமிழிகூட வராத இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறாண்டல் நிற்கவில்லை. எழுந்தவர் அந்தக் கதவைப் பார்த்தபடியே சொன்னார்.

“அவனுக்குப் பின்னங்கால் வலி உண்டும்மா. குளிர்ல வெறுந்தரையில படுக்க விடாதீங்க.”

காலிச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் வண்டியை எட்டுவதற்குள் துவைக்கும் அறைக் கதவைத் திறந்துவிட எனக்கு நேரம் இருந்தது. தாழில் கை வைத்தேன். வண்டி கிளம்பும்வரை வைத்தபடியே நின்றேன்.

மறுநாள் காப்பகத்துப் பெண் கூப்பிட்டாள். ஒத்துவருகிறது, வைத்துக்கொள்கிறோம் என்றேன். அன்று மாலையே கேட்டுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டேன். திருட்டுப் பயம் என்று சொன்னதும் நிபால்தோ நம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் டங் டங் சத்தம் எங்கள் தெருமுனை வரை வரும். அங்கே நின்றுவிடும். வண்டி எங்கள் தெருவைச் சத்தமில்லாமல் கடந்துபோய், அடுத்த தெருவில் மறுபடி தட்ட ஆரம்பிக்கும்.

“அந்தாளுக்கு என்னடி வந்துச்சு?” என்று பக்கத்து வீட்டு ஒர்த்தென்சியா புலம்புகிறாள். “நம்ம தெருவுல மட்டும் கையக் கட்டிட்டுப் போறான். மூணு வாரமா சிலிண்டர் வாங்க முடியல.”

“தெரியலையேக்கா,” என்கிறேன்.

தெருமுனையில் சத்தம் நிற்கும்போதே ஓசோ கேட்டுக்குப் போய்விடுகிறது. மூக்கால் தாழைத் தூக்குகிறது. கேட் திறப்பதில்லை. பிறகு திரும்பி, கண் கொட்டாமல் என்னைப் பார்க்கிறது. பதினான்கு நாள் நான் அதை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.